மருதக்கா காது தைத்துக்கொண்ட வருஷம்

மருதக்கா காது தைத்துக்கொண்டது ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த இரண்டாவது வருஷம், கார்த்திகை மாதம். மாதம் எனக்கு மறக்காது. விளக்கேற்ற எண்ணெய் கிடைக்காமல் கித்தாக்கொட்டையை, அதான் ரப்பர் விதையை, உடைத்து, ஈர்க்கில் கோர்த்து, வாசலில் கொளுத்தி வைத்தோம். ஒரே புகை. லயமே இருமிக்கொண்டு கார்த்திகை கொண்டாடியது. வயிறு நிறையாத காலம்தான், ஆனாலும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது.

மெர்போக்குக்குப் போகிற செம்மண் சாலையில் ஒரு கம்பிப்பாலத்தைத் தாண்டினால் எங்கள் தோட்டம். துரை வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று பலகையில் எழுதியிருந்தது. துரை ஓடிப்போன மறுவாரமே யாரோ அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய் அடுப்பெரித்துவிட்டார்கள். எங்களுக்கு அது எப்போதுமே கம்பிப்பாலத் தோட்டம்தான். மூன்றாம் லயத்தில் ஆறாவது வீடு என்னுடையது, ஏழாவது மருதக்காவுடையது. நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அவள் வீட்டில் பெருமூச்சு விட்டால் என் வீட்டில் கேட்கும். என் வீட்டில் நான் திட்டுவது பாலம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மருதம்மாள் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள். ஊர் வழக்கப்படி சின்ன வயதிலேயே காது வளர்த்திருந்தார்கள். காது இரண்டும் தோளைத் தொடும். அதில் அவள் அம்மா போட்டுவிட்ட தண்டட்டி. இருட்டு விலகுகிற நேரத்தில் பாலெடுக்க மரம் வெட்டிக்கொண்டு போகும்போது அது ஆடி மினுங்கும். எந்த நிரையில் நிற்கிறாள் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள். எங்களுக்குப் பொட்டுக் காது, அதில் சிவப்புக்கல் கம்மல். இவளை 'ஊஞ்சக் காது' என்று கேலி செய்வோம். அவளும் சிரித்துக்கொண்டே, "ஒங்க காதுல எறும்புகூட உக்கார எடமில்லடி" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் இருளப்பன் அண்ணனைச் சித்திரையில் சயாமுக்கு ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் நேரத்தில் லாரி வந்து நின்றது. நின்ற ஆண்களை ஜப்பான்காரன் அப்படியே ஏற்றினான். என் வீட்டுக்காரர் நடராஜா அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் தப்பித்தார். பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் பேரன் பேத்தி எடுத்து, பல்லெல்லாம் கொட்டி, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது, இனிமேல் சொன்னால் தப்பில்லை.

ஆடியில் மருதக்காவின் ஒரே மகள் அம்சவள்ளிக்கு மலேரியா கண்டது. ஆஸ்பத்திரியில் கொயினா மாத்திரை இல்லை. மருதக்கா தண்டட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு சுங்கைப் பட்டாணிக்கு நடந்தே போனாள். திரும்பி வரும்போது மாத்திரை இருந்தது, தண்டட்டி இல்லை. பெண் பிழைத்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காதைப் பார்க்க முடியவில்லை. கனம் போன பிறகு வெறும் தோல் வளையம் இரண்டு கழுத்தோரம் தொங்கின. எங்கள் ஆட்களிடம் தாலியறுத்தவள்தான் காதில் ஒன்றும் போடமாட்டாள். மூளிக்காது என்பார்கள். நல்ல காரியத்தில் மூளிக்காதுக்காரி முன்னால் நிற்கக்கூடாது. மருதக்கா தென்னோலையைச் சுருட்டிக் காதில் செருகிப் பார்த்தாள். ஒருநாள் அது நழுவி, காண்டாக் கம்பில் தூக்கிப் போகிற வாளிப் பாலில் விழுந்தது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அதை விரலால் எடுத்துப் பிடித்துக்கொண்டு, "இந்தா பாரு, மருதம்மா நகை பால் குடிக்குது" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆலமரத்தடிக் குழாய்க்கு அவள் வந்தால், தாலிக்கயிறு மாற்றிக் கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். புருஷன் இருக்கும்போதே அவளை ஒதுக்கத் தொடங்கியிருந்தோம்.

இதற்கு நடுவில்தான் அம்சவள்ளிக்கு இடம் கூடியது. புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்துப் பையன், சதாசிவம். நோஞ்சான் மாதிரி இருப்பான், ஆனால் நல்ல உழைப்பாளி. தையில் கல்யாணம். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் முகாமில் சமைக்கக் கல்யாணமாகாத பெண்களைப் பேர் எழுதுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சமைக்க எதற்குக் கல்யாணமாகாத பெண் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அம்சவள்ளிக்குப் பதினாறு வயது. தலைமுடியை ஒட்ட வெட்டி, முகத்தில் கரி பூசித்தான் வெளியே விடுவாள் மருதக்கா. லாரிச் சத்தம் கேட்டால் பெண் கிழங்குக் கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கழுத்தில் ஒரு கயிறு ஏறிவிட்டால் விட்டுவிடுவான் என்று நம்பினோம். அந்த நம்பிக்கை சரியோ தப்போ, அதைத் தவிர எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

கார்த்திகை பிறந்த வாரம் சயாமிலிருந்து ஒருவன் திரும்பி வந்தான். எங்கள் தோட்டத்து அம்மாசி, அதே லாரியில் போனவன். எப்படியோ தப்பி, காட்டு வழியாக நடந்து வந்திருந்தான். காலில் எலும்பு தெரிகிற புண். அவன் குடிசைக்கு முதலில் ஓடியது மருதக்காதான். பின்னாலேயே நாங்களும் போனோம். "இருளப்பன் வேற காம்ப்பு. நான் பாக்கல" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டு. யார் கேட்டாலும் அதேதான். இரண்டு வாரத்தில் அவனும் போய்விட்டான்.

அவனைப் புதைத்த மூன்றாம் நாள். நிரையை முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போகிறேன். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து மருதக்கா வருகிறாள். தலையைச் சுற்றித் தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணிக் கட்டு. காதில் ஓலையும் இல்லை. நெற்றியில் பொட்டு அழிந்திருக்கிறது. கூடவே அம்சவள்ளி தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வருகிறது. மருதக்கா கண்ணிலும் தாரைதாரையாகத் தண்ணீர். எனக்கு வேறு என்ன தோன்றும்? சேதி வந்துவிட்டது என்றே நினைத்தேன். வாளியைக் கீழே போட்டேன். வெட்டின பாலெல்லாம் மண்ணில் ஓடியது. ஒப்பாரியில் என் அம்மா பெயர் பெற்றவள், அந்தக் குரல் எனக்கும் உண்டு.

"ரயிலுபோடப் போன ராசா
ரயிலேறி வரலையே
தண்டவாளம் நீண்டதென்ன
தாலிக்கயிறு அறுந்ததென்ன..."

எடுத்த எடுப்பில் லயம் திரண்டுவிட்டது. பத்துப் பெண்கள் என் பின்னால் மாரடிக்கிறார்கள். மருதக்கா இரண்டு கையையும் ஆட்டுகிறாள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. நாங்களோ பாவம் துக்கத்தில் கையை விரிக்கிறாள் என்று இன்னும் ஓங்கி அடித்துக்கொண்டோம். ஒருத்தி அவள் கையிலிருந்த கண்ணாடி வளையலைப் பிடித்து உடைக்கவே போய்விட்டாள். அப்போதுதான் மருதக்கா கட்டைப் பிடித்து இழுத்துத் தளர்த்தினாள். இரத்தம் கசிந்தது.

"யாருடி செத்தது?" என்று கத்தினாள். "எவடி செத்தது? எம்புருசன் கல்லு மாதிரி இருக்காரு. எவளாச்சும் வாயத் தொறந்தீங்க, பாராங்கத்திய எடுத்துருவேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "பின்ன என்னக்கா இது கட்டு?"

"காதறுத்துத் தச்சுக்கிட்டேன். தொங்குற சதைய எடுத்துட்டு, டிரஸ்ஸர் ஐயா தச்சு விட்டாரு. ஆறினதும் கம்மல் போடலாம்னாரு. அதுக்குள்ள நீங்க எழவு கொண்டாந்துட்டீங்க."

ஆஸ்பத்திரியில் மருந்து போடுகிற டிரஸ்ஸர் பரஞ்சோதி பிற்பாடு சொன்னார், மரத்துப்போகிற ஊசி இல்லை என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், ஒரு முனகல் இல்லையாம். அந்தக் கண்ணீரைக் காதுவலி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

இருக்கிற மனுஷனுக்கு ஒப்பாரி வைத்த வெட்கம் எங்களுக்கு இருந்தது. வெட்கத்தை மறைக்க ஒரே வழி, தப்பை அவள்மேல் தூக்கிப் போடுவது. மறுநாள் குழாயடியில் அவள் காதுதான் பேச்சு.

"ஆத்தா வளத்துவிட்ட காது. அதைப் போய் அறுப்பாளா ஒருத்தி?"

"அதுவும் அந்நிய ஆம்பள கையால."

"புருசன் சயாம்ல என்ன சூசாப்படுறானோ, என்ன கஷ்டப்படுறானோ, இவளுக்கு இங்க அலங்காரம் கேக்குது."

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் சம்சாரம் பிரேமாவதியம்மா அன்று தண்ணீர் வராமல் எங்கள் குழாய்க்கு வந்திருந்தாள். என் கையில் குத்தியிருக்கும் தேள் பச்சையைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறவள். "உங்க ஆட்கள் ஒடம்ப ஏன் இப்படி பாழாக்குறீங்க? ஒருத்தி குத்துறா, ஒருத்தி அறுக்குறா" என்றாள். என்னை அவளோடு சேர்த்துச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. நான் வேறு, அவள் வேறு என்று காட்ட வேண்டும்போல இருந்தது. "காது சின்னதானா வயசு பத்து கொறையும்லம்மா. அக்கா யாருக்குக் கொறைக்குறாளோ" என்றேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் குடத்தோடு அம்சவள்ளி நிற்கிறது. வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இத்தனை வருஷத்தில் நான் பேசிய எத்தனையோ பேச்சு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

பேச்சு புக்கிட் செலம்பாவ் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வெள்ளத்தாய் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். நல்ல ஆகிருதி. முழங்கை வரைக்கும் பச்சைக் கோலம், மோவாயில் மூன்று புள்ளி, காதில் தண்டட்டி கனத்துத் தொங்கியது. எந்தச் சூசாவிலும் அவள் அதை விற்கவில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. மருதக்கா பாயை விரித்து, கிழங்கு மாவு அடையும் வறுத்த ராகிக் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளத்தாய் தொடவில்லை. நானும் போய்க் கதவோரம் உட்கார்ந்தேன்.

"மதினி, சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு" என்றாள் வெள்ளத்தாய். "ஒங்க வீட்டுல மாரடிச்சாங்கன்னு சேதி வந்துச்சு."

"அது இவளுகளா அடிச்சுக்கிட்டது" என்றாள் மருதக்கா. "இந்தா ஒக்காந்திருக்கா பாருங்க, இவதான் ஆரம்பிச்சவ. கேளுங்க."

"ஆமாங்கம்மா" என்றேன். "கட்டப் பாத்துட்டு நானா நெனச்சுக்கிட்டேன். சேதியெல்லாம் ஒண்ணும் வரல."

"நீ சொன்னா ஆச்சா? நெருப்பில்லாமயா பொகையும்?" அவள் மருதக்காவின் காதையே பார்த்தாள். தையல் ஆறிக்கொண்டிருந்தது. டிரஸ்ஸர் ஓட்டை மூடாமலிருக்க வேப்பங்குச்சி செருகிவிட்டிருந்தார். "மதினி, ஞாயமாப் பேசுவோம். அண்ணன் இல்லாமப் போயிருந்தா ஒரு வருசம் பொறுக்கணும். துக்க வீட்டுல தாலி கட்டி என் மவன் வெளங்குவானா? இல்ல, அண்ணன் நல்லாத்தான் இருக்காருன்னா, வளத்த காதை யாருக்காவ அறுத்தீங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எதைச் சொன்னாலும் எனக்குச் சங்கடந்தான்."

நான் குழாயடியில் கேட்ட கேள்வியைத்தான் அவள் கேட்கிறாள்.

மருதக்கா நிதானமாகப் பேசினாள். "மதினி, எம்மவ காய்ச்சல்ல கெடந்தப்ப தண்டட்டிய வித்தேன். வித்திருக்காட்டி இன்னைக்கு ஒங்களுக்கு மருமவ இல்ல. வெறுங்காதோட நான் மணவறையில வந்து நின்னா நீங்க சும்மா விடுவீங்களா? மூளி முன்னால வாரான்னு சொல்ல மாட்டீங்க?"

"சொல்லுவேன்தான்."

"அதான் அறுத்தேன். ஓலைச் சுருளு நிக்க மாட்டேங்குது. தண்டட்டி வாங்க நாதியில்ல. சின்னக் காதா இருந்தா ஒரு குன்னிமணியக் கோத்துப் போட்டாலும் மங்கலம். அவரு வாரவரைக்கும் இப்படியாச்சும் இருப்பமேன்னுதான்."

"நாங்கல்லாம் கையில குத்துன பச்சையக்கூட அழிக்காம சாமிக்கிட்ட கொண்டுபோறவங்க. தோலை அறுக்குறது நம்ம வழக்கத்துல இல்லியே."

"பசியும் வழக்கத்துல இல்ல மதினி. சயாமும் இல்ல."

வெள்ளத்தாய் கெட்டவள் இல்லை. ஒரே மகனை வைத்துக்கொண்டு பயந்தவள். பிறகு எழுந்து முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டாள்.

"சரி. மாரியாத்தா கோயில்ல சூடம் ஏத்தி, அண்ணன் இருக்காருன்னு சத்தியம் பண்ணுங்க. தையில கல்யாணத்த வச்சுக்குவோம்."

சத்தியம் என்றால் எங்கள் தோட்டத்தில் விளையாட்டு இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பத்தில் அம்மை விளையாடும் என்று பயந்து, திருடன்கூடச் சூடத்தைக் கண்டால் ஒப்புக்கொள்வான். அம்மன் கோயில் என்பது மரத்தடியில் ஒரு தகரக் கூரையும் ஒரு கல்லும்தான். சூடமும் அரிதான காலம். பூசாரி ஒளித்து வைத்திருந்த ஒரே கட்டியை நகத்தால் கிள்ளிக் கொடுத்தார். மருதக்கா வலது உள்ளங்கையில் வெற்றிலையைக்கூட வைக்காமல் சூடத்தை வைத்தாள். பூசாரி பற்றவைத்தார். நல்ல வெயில் நேரம், சுடர் சரியாகத் தெரியவில்லை.

"ஆத்தா, எம்புருசன் இருளப்பன் உசுரோட இருக்காரு" என்றாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். சூடம் எரிந்து முடிகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. வெள்ளத்தாய்தான் பதறிப்போய்ச் சேலையால் அந்தக் கையைப் பொத்தினாள். "போதும் மதினி, போதும்" என்றாள். வீட்டுக்கு வந்து ஆறிப்போன அடையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியேறினாள்.

அன்று சாயங்காலம் நான் மருதக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளங்கைக்கு மரவள்ளி மாவைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கிடையாது, என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லியிருப்பார். காதிலிருந்த சிவப்புக்கல் கம்மலைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன்.

"கல்யாணத்துக்குப் போட்டுக்கக்கா. குன்னிமணியெல்லாம் வேணாம்."

"ஒந்தாலியோட வந்த கம்மலுடி இது."

"அதனாலதான் குடுக்குறேன். போட்டுக்க."

அவள் அதை உடனே எடுக்கவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தை பிறந்து பத்தாம் நாள் கல்யாணம். அந்தக் கல்யாணத்தைப் போல ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. மேளத்துக்கு ஆளில்லை, பையன்கள் காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினார்கள். மாலைக்குச் செம்பருத்தி. கிழங்கு மாவில் வெல்லம் போட்டு, செம்பனை எண்ணெய் ஊற்றிக் கிண்டி அதைக் கேசரி என்று பரிமாறினோம். வாய்க்கால் கரைக் கீரைக் கூட்டு, மரவள்ளிப் பொரியல், மரவள்ளி அப்பளம். மாப்பிள்ளை வீட்டார் ஒளித்துக் கொண்டுவந்த அரிசியில் இலைக்கு ஒரு கரண்டி சோறு. அந்தச் சோற்றைப் பார்த்துவிட்டுச் சிலர் அழுதார்கள். அம்சவள்ளியின் கட்டை முடியில் பூ நிற்காமல் நழுவிக்கொண்டேயிருக்க, நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டேயிருந்தேன். மருதக்கா மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, என் கம்மலோடு முன்னால் வந்து மாப்பிள்ளைக்கு ஆலத்தி எடுத்தாள். அந்தச் சின்னக் காது அவளுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. பிரேமாவதியம்மாகூட, "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றாள். மண்டோரோடு ஏதோ வம்பு பேசி மருதக்கா சிரித்ததையும் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வண்டி பாலத்தைத் தாண்டியது. எல்லோரும் கலைந்தார்கள். நான் லயத்துக்குப் பின்னால் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருதக்கா வந்து பக்கத்தில் குந்தினாள். முகத்தைக் கழுவியிருந்தாள். மஞ்சளும் இல்லை, பொட்டும் இல்லை.

"கைய நீட்டு."

நீட்டினேன். கம்மல் இரண்டையும் வைத்தாள்.

"என்னக்கா அவசரம்? நாலு நாள் போட்டிரேன்."

"இதை அப்படியே போட்டுக்காத நவமணி. மஞ்சத்தண்ணியில கழுவி, ஆத்தா கால்ல வச்சுட்டுப் போடு. மனசு ஒப்பலன்னா வித்துட்டு வேற வாங்கிக்க."

"நீ போட்டா என்ன, தீட்டா?"

"தீட்டுதான்" என்றாள். "அவரு ஆவணியிலயே போயிட்டாரு. வாந்திபேதி. அம்மாசிதான் தூக்கிக் குழியில போட்டானாம். யாருக்கும் சொல்லிராதண்ணேன்னு அவன் கால்ல விழுந்தேன்."

அம்மாசி கூரையைப் பார்த்துப் பேசியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் இவள் டிரஸ்ஸரிடம் போய்க் காதை நீட்டியிருக்கிறாள். தாலியறுக்க வேண்டியவள், இனி ஒருநாளும் காதில் ஒன்றும் போடக்கூடாதவள், ஒரே ஒரு கல்யாணத்துக்காக அறுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவள் வாசலில் வைத்த ஒப்பாரியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை நிறுத்தத்தான் அவள் கட்டைப் பிய்த்துக்கொண்டு கத்தினாள். யாருக்காகக் குறைக்கிறாளோ என்று நான் சிரித்தேன்.

"சத்தியம் பண்ணுனியேக்கா" என்றேன், மெல்ல.

"பண்ணுனேன். அம்மை போட்டா எனக்குப் போடட்டும். எம்மவ இப்ப வேற வீடு." உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டாள். "அது கெடக்கட்டும். நீ கம்மலக் கொண்டாந்து வச்சப்பவே சொல்லிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தாலிய மனசுல அறுத்தவ, சுமங்கலி கம்மலப் போடக்கூடாதுன்னு தெரியாதா எனக்கு? சொன்னா நீ குடுத்திருக்க மாட்ட. அதான் திருடி மாதிரி வாங்கிக்கிட்டேன். நீ புருசன் புள்ளையோட இருக்கவ. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேண்டி. அதுக்காகத்தான் சொல்றேன். கழுவிட்டுப் போடு."

உண்மைதான். சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஒற்றைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மாதமாக ஒருத்தி புருஷனுக்கு அழாமல் இருந்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

அழுவதற்கு எனக்குக் குரல் வரவில்லை, அன்றைக்கு மட்டும். கையில் ஒட்டியிருந்த சாம்பலைச் சேலையில் துடைத்தேன். கம்மல் ஒன்றை எடுத்து இடது காதில் போட்டுத் திருகாணியை முடுக்கினேன். "ஏய், ஏய், என்னடி பண்ற" என்று மருதக்கா என் கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டு வலது காதிலும் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.